வெற்றிலை வாடாமல் இருக்க என்ன வழி? செல்லப்பெட்டியில் இருக்க வேண்டியதும், இருக்கக் கூடாததும்!

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீடுகளுக்கு ஓய்வே கிடையாது. பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் என்று ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, கடைசியில் வெற்றிலை வாங்கும் வேலை வரும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு நாள் முன்னதாகவே வாங்கி, பிளாஸ்டிக் பையோடு ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். முகூர்த்தத்தன்று காலையில் பையைப் பிரித்தால் மேலே இருக்கும் இலை வாடியிருக்கும், நடுவில் இருப்பது மஞ்சளாகியிருக்கும், அடியில் இருப்பது கறுத்து வழுவழுவென்று அழுகியிருக்கும். பிறகென்ன? யாராவது ஒரு சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடுவார்.

கல்யாண வீடு என்றில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வாங்கியது, கொலுவுக்கு வருபவர்களுக்காக வாங்கியது, வீட்டுப் பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ள வாங்கியது என எல்லா வெற்றிலைக்கும் இதே கதைதான். ஆனால் அந்தக் காலத்தில், ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் வெற்றிலை நாள் கணக்கில் பசுமையாக இருந்தது. எப்படி?

முதலில் கொடிக்காலுக்குப் போவோம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி என்று வரிசையாக ஊர்கள் வரும். நெல் வயல்களுக்கு நடுவே திடீரென்று ஓர் அடர்ந்த பச்சைத் தோப்பு கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் கொடிக்காலாக இருக்கும். உயரமாக வளர்ந்த அகத்தி மரங்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும் வெற்றிலைக் கொடிகள். உள்ளே நுழைந்தால் வெயில் குறைந்து, காற்றில் ஒரு குளிர்ச்சி தெரியும்.

வெற்றிலைக் கொடிக்கு நேரடி வெயில் ஆகாது. அதனால்தான் முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றுகிறார்கள். அகத்தி வெறும் முட்டுக்கொம்பு அல்ல. அதன் கீரை வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். துவாதசி அன்று சந்தைக்கு வரும் அகத்திக்கீரையில் கொடிக்கால் கீரையும் உண்டு.

கொடிக்காலில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மேட்டுப்பாத்தியில் கொடி இருக்கும், பக்கத்துப் பள்ள வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வேருக்கு எப்போதும் ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து கொடி மொத்தமும் போய்விடும். 'ஈரம் வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது' என்பதுதான் கொடிக்காலின் அடிப்படைப் பாடம். வீட்டில் வெற்றிலையை வைப்பதற்கும் இதே பாடம்தான்.

காவிரி வண்டலில் விளையும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் ஆத்தூர் வெற்றிலையும் சோழவந்தான் வெற்றிலையும் 2023-லேயே இந்தக் குறியீட்டைப் பெற்றுவிட்டன. கும்பகோணம் என்றாலே கொழுந்து வெற்றிலை என்பார்கள். மெல்லிய இலை, மிதமான காரம், நாக்கில் நார் தட்டாது. அந்த மென்மைதான் அதன் பெருமை. சீக்கிரம் வாடிப்போவதற்கும் அதே மென்மைதான் காரணம்.

நெல்லை மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம். வெற்றிலையில் அந்தப் பேச்சே கிடையாது. கிள்ளிய இலை சில நாள்களுக்குள் விலை போக வேண்டும். முகூர்த்த மாதத்தில் கவுளிக்கு நல்ல விலை கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, கொடியோ நிற்காமல் துளிர்க்கும். பறிக்காமல் விட்டால் இலை முற்றிவிடும், பறித்தால் கூலிக்குக் கட்டாது. வீட்டுக்கு வந்த இலை அழுகிக் குப்பைக்குப் போனால், இத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்துதான் போகிறது.

இலை ஏன் வாடுகிறது?

கொடியிலிருந்து கிள்ளிய பிறகும் வெற்றிலைக்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னிடம் இருக்கும் நீரைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கொடியில் இருந்தவரை வேர் அந்த நீரை ஈடுகட்டியது. கிள்ளிய பிறகு ஈடுகட்ட யாரும் இல்லை. அதனால் துவள்கிறது.

சரி, நிறையத் தண்ணீர் தெளித்துவிட்டால்? அங்கேதான் அடுத்த சிக்கல். இலைக்கும் இலைக்கும் நடுவே நீர் நின்றால், காற்று புகாத அந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். கசங்கிய இடம், கிழிந்த ஓரம், நசுங்கிய காம்பு ஆகியவைதான் அவற்றுக்கு வாசல். ஓர் இலை அழுகினால் அதை ஒட்டியிருக்கும் அடுத்த இலையும் அழுகும்.

மூன்றாவது எதிரி, யாரும் சந்தேகப்படாத வாழைப்பழம்! பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பச்சை இலைகளைச் சீக்கிரம் மஞ்சளாக்கும் வாயு அது. தாம்பூலத் தட்டில் பழமும் வெற்றிலையும் சேர்ந்து இருப்பதுதான் அழகு. ஆனால் முதல் நாள் இரவே இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைப்பது, வெற்றிலையை நாமே பழுக்க வைப்பது போலத்தான்.

நான்காவது, அதிகக் குளிர். வெற்றிலை வெப்பமண்டலத்துக் கொடி. ஃபிரிட்ஜில் ஃப்ரீஸருக்குப் பக்கத்தில், பின்சுவரை ஒட்டி வைத்தால், இலையில் கறுப்புத் திட்டுகள் விழும். அது அழுகல் அல்ல, குளிர்க்காயம்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

நூறு இலை சேர்ந்தது ஒரு கவுளி. கவுளிக் கட்டின் மேலே தெரியும் நாலு இலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து லேசாக விரித்து நடுவில் பாருங்கள். ஈரம் கோத்திருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக, கிள்ளினால் 'டக்' என்று ஒடிந்தால் இலை புதியது. காம்பு கறுத்து வளைந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். இலையை இரண்டாக மடித்தால் புதிய இலை நடு நரம்பில் முறியும், பழைய இலை துணி மாதிரி மடங்கும்.

எந்தக் காரியத்துக்கு வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பூஜைக்கும் தாம்பூலத்துக்கும் நுனியும் காம்பும் முழுதாக இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். நாலைந்து நாள் வைத்திருக்க வேண்டும் என்றால், மிக இளம் கொழுந்தைவிடக் கொஞ்சம் விளைந்த இலை தாங்கும். அன்றே போட்டுக்கொள்ளக் கொழுந்து, எடுத்து வைக்க விளைந்த இலை என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரரே பிரித்துக் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

1. கட்டைப் பிரியுங்கள். நூல், நார், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அழுகிய, கிழிந்த, மஞ்சள் பட்ட இலைகளைத் தனியே ஒதுக்குங்கள்.

2. உடனே கழுவ வேண்டாம். கழுவுவது பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான். கழுவியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வோர் இலையையும் பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் சிறிது நேரம் உலர்த்திவிட்டு அடுக்குங்கள்.

3. ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். முறுக்கினால் சொட்டு விழக் கூடாது. இதுதான் அளவு.

4. இலைகளைக் காம்பு ஒரே பக்கமாக வருமாறு, இருபது இருபத்தைந்தாக அடுக்கித் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கிக் கட்டினால் நடு இலைக்குக் காற்று போகாது.

5. சுற்றியதை எவர்சில்வர் அல்லது பித்தளை டப்பாவில் வைத்து, மூடியை லேசாகத் தளர்த்தி மூடுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், அதாவது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலோ வெயில் படாத தரையிலோ வையுங்கள். அடுப்படி மேடை வேண்டாம்.

6. தினமும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் வெற்றிலை நாள் கணக்கில் நின்ற ரகசியம் இதுதான். கெட்ட இலையை எடுத்துவிட்டு, மேலிருப்பதைக் கீழே மாற்றி, துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து சுற்றுவார்கள். 'வெற்றிலையைப் புரட்டி வை' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இப்படிச் செய்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலேயே நாலைந்து நாள் தாங்கும். கோடையில் ஒரு நாள் குறையும், ஐப்பசி அடைமழையில் அழுகல் பயம் கூடும். அந்த நாள்களில் துணியின் ஈரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்குப் பதில் வாழை மட்டையையும் வாழையிலையையும் பயன்படுத்துவது டெல்டாவில் பழைய பழக்கம். வாழை மட்டை தன் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், மூச்சும் விட விடும். வீட்டுக் கொல்லையில் வாழை இருந்தால் இதைவிடச் சிறந்த உறை இல்லை.

ஃபிரிட்ஜில் வைப்பதென்றால், துணிக்குப் பதில் காகிதத் துண்டில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, கீழே இருக்கும் காய்கறித் தட்டில் வையுங்கள். பின்சுவரில் படக் கூடாது. பக்கத்தில் வாழைப்பழம், மாம்பழம், தக்காளி இருக்கக் கூடாது. இப்படி ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். அடிக்கடி வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தால் இலைமேல் நீர் கோக்கும். அதனால் இரண்டு மூன்று சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

கல்யாண வீட்டுக்கு மொத்தமாக வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: இரண்டு நாள் முன்பு பணத்தை மட்டும் கொடுத்துச் சொல்லி வையுங்கள், இலை முதல் நாள் மாலை வந்தால் போதும். வந்ததும் கூடையில் வாழையிலை விரித்து, கவுளிகளைத் தளர்த்தி அடுக்கி, மேலே ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். பழம், தேங்காயுடன் பைகளில் போடுவதை முகூர்த்தத்தன்று காலையில் வைத்துக்கொள்ளலாம்.

கழுவுவது ஏன் முக்கியம்?

வெற்றிலையைச் சமைப்பதில்லை, பச்சையாகவே வாயில் போடுகிறோம். அதில் கிருமி இருந்தால் நேராக வயிற்றுக்குத்தான் போகும். சால்மோனெல்லா என்ற கிருமி இருந்ததால் 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேசத்து வெற்றிலைக்கே தடை போட்டது. பல ஆண்டுகள் கழித்து 2021-ல்தான் அந்தத் தடை நீங்கியது. ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பூச்சிமருந்து மிச்சம் இருந்தாலும் ஓரளவு போகும்.

செல்லப்பெட்டிக்குள் என்ன இருந்தது?

டெல்டா வீடுகளின் பரணில் தேடினால் ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லம் கிடைக்கும். சில வீடுகளில் அது மரப்பெட்டி. உள்ளே சின்னச் சின்ன அறைகள். வெற்றிலைக்குப் பெரிய அறை, பாக்குக்கு ஒன்று, சுண்ணாம்புக்கு மூடியுள்ள ஒரு சிமிழ், ஏலக்காய், கிராம்புக்கு ஒரு மூலை, பக்கத்தில் பாக்குவெட்டி.

இந்த அறைகள் அழகுக்காகப் போடப்பட்டவை அல்ல. வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், பாக்குக்கு ஈரமே ஆகாது. சீவலோ கொட்டைப்பாக்கோ ஈரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பாக்கைக் கழுவி, காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. சில பூஞ்சைகள் விடும் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது. தூக்கி எறிந்துவிடுவதே நல்லது.

சுண்ணாம்பு தனிக் கதை. நீற்றிய சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கட்டியாகிவிடும். அதனால்தான் சிமிழுக்கு இறுக்கமான மூடி. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும்படி வைத்தால் இளகியே இருக்கும்.

ஆனால் சுண்ணாம்பில் ஓர் ஆபத்து உண்டு. குழந்தைகள் கையில் அது கிடைக்கவே கூடாது. பாக்கெட்டையோ டியூபையோ அழுத்தி விளையாடும்போது கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் உண்டு. தெறித்துவிட்டால் கசக்காதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

புகையிலை எப்போது வந்தது?

இத்தனை அறைகளுக்கு நடுவே, பல செல்லப்பெட்டிகளில் இன்னொரு பொட்டலமும் இருக்கும். அதுதான் புகையிலை.

வெற்றிலை நமக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில், மதுரையில் கோவலன் கடைசியாகச் சாப்பிட்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். தாமிரபரணிக் கரையில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மக்கள் எப்போதும் ஓர் இலையை மென்றுகொண்டிருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலத்தின் 'பீட்டல்' என்ற சொல்லே, மலையாளத்து 'வெற்றில' போர்ச்சுகீசியர் வாய்க்குள் புகுந்து உருமாறியதுதான்.

புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கடல் வழியாக வந்த பிறகுதான் இந்தியாவுக்கே வந்தது. ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம் தாம்பூலத்தில் புகையிலை கிடையாது. செல்லப்பெட்டியில் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட குடித்தனக்காரர். 'எங்க காலத்துப் பழக்கம்' என்று சொல்லப்படுவதில் வெற்றிலை பழசு, புகையிலை புதுசு.

டெல்டாவின் கடைக்கோடியில், வேதாரண்யம் பக்கத்து மணல் நிலத்தில் மெல்லும் புகையிலை விளைகிறது. வெற்றிலையைப் போலவே அதுவும் ஈரத்துக்குக் கட்டுப்பட்டது. திறந்து வைத்தால் நொறுங்கித் தூளாகும், ஈரம் கூடினால் பூஞ்சை பூக்கும். அதனால் வாழைச்சருகிலும் பனையோலையிலும் சுற்றி வைத்தார்கள். மூக்குப்பொடி போடுபவர்கள் வாழை மட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். மேல்நாட்டில் பைப் பிடிப்பவர்கள் காற்றுப் புகாத டின்னிலும் கண்ணாடி ஜாடியிலும் புகையிலையை வைப்பதும் இதே கணக்குக்காகத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வெற்றிலையும் புகையிலையும் ஒன்றல்ல. வெற்றிலை கெட்டுப்போனால் கெடுதல். புகையிலை எவ்வளவு பக்குவமாக, எவ்வளவு புதிதாக இருந்தாலும் கெடுதல்தான். நல்ல டப்பாவில் வைத்தால் வாசனை நிற்கும், நஞ்சு குறையாது.

வாயைக் கொஞ்சம் காட்டுங்க!

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைபாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985-லேயே சொல்லிவிட்டது. 2004-ல் வெளியான அதன் அடுத்த தொகுப்பு இன்னொரு படி மேலே போனது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும், காரணம் பாக்கு, என்றது. 'நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்' என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதுதான் இதன் பொருள்.

ஆகவே விழாவில் ஒரு தாம்பூலம் வாங்கிக்கொள்வது ஒன்று, நாள் முழுவதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே இருப்பது வேறு. இரவில் புகையிலையை ஒதுக்கியபடியே தூங்கிப்போவது எல்லாவற்றையும்விட மோசம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் பலர் பசியும் அலுப்பும் தெரியாமல் இருக்கப் புகையிலை போடத் தொடங்குகிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, சில வருடங்களில் கணக்கில்லாமல் போகிறது.

வீட்டில் அப்பாயி, அம்மாயி, தாத்தா யாராவது பல வருடமாகப் புகையிலையோ பாக்கோ போடுபவர்களா? பேரன் பேத்திகள் ஒரு வேலை செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, 'அப்பாயி, வாயைக் கொஞ்சம் காட்டுங்க' என்று கேளுங்கள். கையில் போனின் டார்ச் இருக்கிறது, அது போதும்.

இவற்றைக் கவனியுங்கள்:

* இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்
* கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் ஓரம் ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
* காரம் பட்டாலே எரிச்சல்
* தடிப்பு, கட்டி, காரணம் தெரியாத ரத்தக் கசிவு
* வாய் முழுதாகத் திறக்காமை. அவர்களுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் வாயின் உட்சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு போடுபவர்களுக்கு வரும் பிரச்னை இது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடமோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையிலோ காட்டிவிடுங்கள். எல்லாத் திட்டும் புற்றுநோய் அல்ல. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். 'வலிக்கலையே' என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பார்கள். ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் தந்திரமே.

திட்டினால் யாரும் விடமாட்டார்கள், ஒளித்துவைத்துப் போடுவார்கள். அதைவிட, நாளைக்கு எத்தனை முறை என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, டீக்குப் பிறகு, வேலைக்கு நடுவே என்று எந்த நேரத்தில் கை தேடுகிறதோ, அந்த நேரத்துக்கு மாற்றாக ஒரு கிராம்பையோ, ஏலக்காயையோ, சோம்பையோ கையில் கொடுங்கள். விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது: 1800 112 356. கட்டணம் கிடையாது.

வீட்டிலேயே ஒரு கொடி

மஞ்சளான, துவண்ட இலைகளை உடனே குப்பையில் போட வேண்டாம். வெறுமனே துவண்டிருந்தால் பத்து பதினைந்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவைத்தால் நிமிர்ந்துவிடும். பூஜைக்கு ஆகாத, ஆனால் அழுகாத இலை ரசத்துக்கு ஆகும். மிளகு, சீரகத்தோடு அரைத்து வைக்கும் வெற்றிலை ரசம் மழைக்காலத்துக்கு நல்ல துணை. வெண்ணெய் உருக்கும்போது இறக்குவதற்குச் சற்று முன் ஒரு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டால் நெய் மணக்கும். அழுகிய இலை மட்டும் எருக்குழிக்கு.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. கணுவோடு கூடிய ஒரு வெற்றிலைத் தண்டை நர்சரியிலோ, கொடி வைத்திருக்கும் வீட்டிலோ வாங்குங்கள். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி தொட்டியில் நடுங்கள். அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கட்டும். மதிய வெயில் படாத, வெளிச்சம் வரும் இடத்தில் வைத்து, ஏற ஒரு கொம்போ சுவரோ காட்டுங்கள். மண் காய விடாதீர்கள், தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். கற்பூரக்கொடி, பச்சைக்கொடி, வெள்ளைக்கொடி என்று எந்த வகை கிடைத்தாலும் சரி. கொடி பிடித்துக்கொண்டால் பிறகு தேவைக்குக் கிள்ளிக்கொள்ளலாம். கொடியில் இருக்கும் வரை எந்த இலைக்கும் ஈரத்துணியோ ஃபிரிட்ஜோ வேண்டாம்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் எப்படியும் கவுளிக் கணக்கில் தேவைப்படும். அதற்குக் கும்பகோணம், பண்டாரவாடை, ராஜகிரி கொடிக்கால்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதைக் கெடாமல் வைத்துக்கொள்ள மேலே சொன்னவை போதும்.

கடைசியாக, பரணில் இருக்கும் அந்தச் செல்லப்பெட்டியைக் கீழே இறக்குங்கள். புளி போட்டுத் துலக்கி, பெரிய அறையில் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலையை வையுங்கள். புகையிலை இருந்த அறையை மட்டும் இரண்டு முறை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் ஏலக்காயைப் போட்டு அப்பாயி கையில் கொடுங்கள். முதல் நாள் முறைப்பார். பேத்தி துலக்கிக் கொடுத்த பெட்டி என்று அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரரிடம் காட்டுவதும் அவரேதான்!